தேறவில்லை என்று சொல்ல வந்தவர்

நல்ல செய்தி என்றால் அவர் தொலைபேசியில் சொல்லிவிடுவார். இரண்டே வாக்கியம்தான். "அண்ணே, சாம்பிள் பாஸ். ரிப்போர்ட்டு பொறவு வரும்." நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிடுவார். கெட்ட செய்தி என்றால் தொலைபேசி வராது. அவரே வருவார்.

அவரிடம் பழைய மஞ்சள் கார் ஒன்று இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்குப் போகும் செம்மண் பாதையில் அது மெதுவாக, குழிக்குக் குழி நின்று, மாட்டு வண்டி வேகத்தில் வரும். தூரத்தில் அதைப் பார்த்ததுமே என்னிடம் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த மணியம் சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவான். "பாஸ், வந்துட்டாங்க லா" என்பான். யார் வந்தது, எதற்கு வந்தது என்று நானும் கேட்கமாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு அடுத்த கிள்ளானில் இருந்த ஒரு சின்ன மண் பரிசோதனைக் கூடத்தில் அவர் பொறுப்பாளர். அப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'அண்ணே' என்றுதான் அழைப்பார். என்னைப் போல் வேலையை ஒப்பந்தம் எடுக்கும் குத்தகைக்காரர்கள் எல்லோருமே அவருக்கு அண்ணன்மார்தான். நான் அவரை 'மிஸ்' என்பேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான்கு பேர் அறிய எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

என் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் அவருடைய தொழில் விளங்கும். கிள்ளான் வட்டாரத்து மண் பல இடங்களில் கட்டடத்தைத் தாங்காது. மேலே காய்ந்து உறுதியாகத் தெரியும். ஒரு கம்பியை ஊன்றினால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் கடலும் சதுப்பும் கிடந்த இடம். அப்படிப்பட்ட மண்ணில் சாலையோ கிடங்கோ போட வேண்டுமென்றால், முதலில் மண்ணையே கெட்டிப்படுத்தியாக வேண்டும். நீளமான தண்டின் நுனியில் கத்தி போன்ற இறக்கைகளை மாட்டி, சுழற்றிக்கொண்டே மண்ணுக்குள் இறக்குவோம். இறங்கும்போதே சிமெண்ட் பாலைக் குழாய் வழியாகச் செலுத்துவோம். இறக்கைகள் மண்ணையும் சிமெண்டையும் களி கிண்டுவதுபோல் கிண்டிவிடும். தண்டை வெளியே எடுத்த பிறகு அந்தக் கலவை உள்ளேயே இறுகித் தூணாகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தரையில் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு ஜப்பான் கம்பெனியில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, அவர்கள் கழித்துப்போட்ட இயந்திரம் ஒன்றை வாங்கி, நான் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு. ஒரு இயந்திரம், இரண்டு லோரி, மணியம், இன்னும் ஏழெட்டு ஆட்கள்.

தூண் உள்ளே எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால் நான்கு வாரம் இறுக விட்டு, சில தூண்களின் நடுவே துளைத்து, உருளை உருளையாகத் துண்டுகள் எடுத்து, ஈரம் போகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். அங்கே அவற்றை அளவாக அறுத்து, முனைகளைச் சமப்படுத்தி, இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி மெதுவாக நசுக்குவார்கள். எவ்வளவு சுமையில் உடைகிறது என்பதுதான் கணக்கு. கேட்ட பலத்துக்குக் கீழே உடைந்தால், தேறவில்லை. தேறவில்லை என்றால் அந்த இடத்தில் மறுபடி தூண் போட வேண்டும். செலவு என்னுடையது. கூடவே பெயரும் கெடும்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு கிடங்குக்குத் தூண் போட்டபோது. உச்சி வெயில். மஞ்சள் கார் வந்து நின்றது. கட்டுக்குட்டான ஒரு பெண்மணி இறங்கி, முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியை நிதானமாக மாட்டிக்கொண்டு, சேற்றில் நடந்து என்னிடம் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின்.

"தூணு போடுறது நீங்கதானே அண்ணே?"

"ஆமா."

"வடக்கு மூலையில எடுத்த சாம்பிள் தேறல. எல்லாமே தேறல. மத்த பக்கம் நல்லா இருக்கு."

வணக்கம் இல்லை, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சுருக்கென்றது. குடிக்கத் தண்ணீர் தரச் சொல்லி மணியத்தைப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"பேசி முடிச்சிட்டு குடிக்கிறேன். சொல்லிட்டேன். இனி நீங்க கேளுங்க."

அதுதான் அவர் வழக்கம் என்பது பிறகு பழகிப்போயிற்று. விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு, எதிரே நிற்பவருக்குக் கேட்க ஒன்றுமே இல்லை என்று ஆகும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். திட்டினாலும் நிற்பார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாலும் மூன்று தடவையும் பதில் சொல்வார். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

"நான் சிமெண்ட்டு கொறைக்கவே இல்ல மிஸ்" என்றேன்.

"கொறைச்சீங்கன்னு நான் சொல்லலயே."

"அப்ப எப்படி ஒரு மூலை மட்டும் பேல் ஆகும்?"

அவர் பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் சாம்பல் நிறத் துண்டுகள். எடுத்துத் தட்டினால் ஓடு போல் சத்தம் வந்தது. மற்றதில் இருந்தவை காப்பித் தூள் நிறம். விரலால் அழுத்தினேன், உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனால் குட்டைத் தண்ணீர் வாடை.

"அந்த மூலையில எல்லாம் மக்குன எலையும் வேரும். உள்ளுக்குள்ள இன்னும் காடாத்தான் கெடக்கு. அதுல சிமெண்ட் பிடிக்காது. என்ன செய்யணும்னு இஞ்சினியர் சொல்லுவாரு. தேறலன்னு சொல்றது மட்டும்தான் என் வேல."

"போன்லயே சொல்லியிருக்கலாமே. இவ்ளோ வெயில்ல வரணுமா?"

"போன்ல சொன்னா நீங்க யார திட்டுவீங்க?"

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நானும் சிரிக்கும் நிலைமையில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டேன். ஓய்ந்த பிறகு மணியம் கொண்டுவந்த தே ஓ ஐஸை, பனிக்கட்டி போட்ட பாலில்லாத் தேநீரை, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூலையில் சிமெண்டைக் கூட்டி, இன்னும் ஆழமாக இறக்கி மறுபடி போட்டோம். அதற்கு எடுத்த மாதிரிகளின் முடிவு தொலைபேசியில் வந்தது. இரண்டு வாக்கியம்.

குத்தகைக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. கிள்ளான் காப்பிக் கடைகளில் அவருக்கு நல்ல பட்டப்பெயர் எதுவும் இல்லை. ஒருவர், மஞ்சள் கார் வருவதைப் பார்த்ததும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டாராம். அவர் திரும்பி வரும்வரை மிஸ் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் தீபாவளிக்குப் பெரிய பழக்கூடை ஒன்றை அனுப்பினார். மிஸ் அதை காரில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், வாசலில் வைத்து, "இது எனக்கு வேணாம். ஏன் வேணாம்னு கேட்டா சொல்றேன்" என்றாராம். அவர் கேட்கவில்லை.

பரிசோதனைக் கூடத்தோடு இந்தக் குணம் நிற்கவும் இல்லை. கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு நானும் என் மனைவி தேவியும் போயிருந்தோம். அவரும் வந்திருந்தார். பாயசம் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை அடித்தது. பந்தி முழுக்க ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டே குடித்தோம். அவர் மட்டும் எழுந்து சமையல் நடந்த கொட்டகைக்குப் போனார். அடுத்த பந்திக்காரர்களுக்கு வேறு பாயசம் வந்தது. கை கழுவும் இடத்தில் அவரைப் பார்த்த தேவி, "ஏன்க்கா, சமையல்காரர் கோவிச்சுக்கலயா?" என்று கேட்டாள்.

"கோவிச்சிக்கிட்டாரு. ஆனா இங்க அம்பது பேரு பேசுறது அவருக்கு மட்டும் தெரியாம இருக்கு பாருங்க, அது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

தேவிக்கு அவரை அன்றே பிடித்துவிட்டது. எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

அது நடந்தது ஜெஞ்சாரோமில். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு சாலைக்குத் தூண் போட்டுக்கொண்டிருந்தோம். தேவி நிறைமாதம். எங்களுக்கு முதல் பிள்ளை. கைத்தொலைபேசி எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காலம். அந்தப் பக்கத்தில் சாதாரணத் தொலைபேசியே கிடையாது. மாதிரிகளைக் கொடுக்க அடிக்கடி பரிசோதனைக் கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்ததால், அவசரம் என்றால் அங்கே சொல்லுங்கள் என்று அந்த எண்ணைத்தான் வீட்டில் கொடுத்திருந்தேன்.

அன்று காலை பத்து மணிவாக்கில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது. மணியம் வழக்கம்போல் சிகரெட்டைப் போட்டான். எனக்கு எரிச்சல். முந்தின வாரம் கொடுத்த மாதிரிகள் எல்லாம் நல்ல கெட்டி. நானே தட்டிப் பார்த்து அனுப்பியவை. காரைவிட்டு அவர் இறங்கும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"மிஸ், அந்தத் தூணு பேல் ஆக சான்ஸே இல்ல. இந்தத் தடவ நான் ஒத்துக்க மாட்டேன். வேற லேப்ல குடுத்து பார்க்கலாம். சொல்லுங்க, எந்த வரிசை? எந்த வரிசை பேல்?"

அவர் ரப்பர் காலணி மாட்டவில்லை. சாதாரணச் செருப்போடு சேற்றில் நடந்து வந்திருந்தார். நான் அதைக் கவனித்தபோது என் வாய் தானாக நின்றது.

"மண்ண பத்தி இல்லண்ணே" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். "உங்க சம்சாரம் நல்லா இருக்காங்க. அவங்க உயிருக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளை தங்கல. வயித்துலயே போயிடுச்சு. காலையில வலி வந்து ஆஸ்பத்திரிக்கு போனப்பவே துடிப்பு இல்லையாம். உங்க மச்சினிச்சி போன் பண்ணாங்க. சொல்லிட்டேன்."

'இனி கேளுங்க' என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நின்றார். நான் என்ன கேட்டேன் என்று முழுதாக நினைவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண் என்றார். தேவிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அப்புறம் ரொம்ப நேரம் சிமெண்ட் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணியம் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு அவரே ஓட்டினார். அன்றைக்கு மட்டும் குழிக்குக் குழி நிற்கவில்லை. வழியில் ஒரே ஒரு முறைதான் பேசினோம்.

"ஆள் அனுப்பி, ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா போதுமே மிஸ். நீங்க ஏன் இத்தனை தூரம்…"

"அப்படி சொல்லியிருந்தா நீங்க பிள்ளைய பார்க்கப் போற நெனப்புல போயிருப்பீங்க" என்றார். "வாசல்ல சிரிச்சிக்கிட்டே நுழைவீங்க. அப்ப அந்த விஷயத்த உங்களுக்கு யாரு சொல்லணும்? படுத்திருக்கிற அவங்கதானே சொல்லணும். அது வேணாம்னு வந்தேன்."

பிரசவ வார்டுக்கு வெளியே என்னை விட்டுவிட்டு அவர் உள்ளே வரவில்லை. நான் போனபோது தேவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் காலடி கேட்டுத் திரும்பினாள். எப்படிச் சொல்வது என்று ஒரு கலக்கம் அவள் முகத்தில் வந்தது. நான், "தெரியும்மா" என்றேன். அவ்வளவுதான். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழ மட்டும் செய்தாள்.

இருபது வருடம் கழித்து ஒரு நாள் ஏதோ பேச்சில் தேவி சொன்னாள். அந்தக் காலை முழுக்க அவளை வாட்டியது அந்த ஒன்றுதானாம். நான் வந்ததும் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்து யோசித்து, ஒரு வார்த்தையும் கிடைக்காமல் கிடந்தாளாம். "அந்தக்கா எனக்காக சொல்லிட்டாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு மஞ்சள் காரைக் கண்டு நான் எரிச்சல்பட்டது கிடையாது. எங்களுக்கு அடுத்ததாக ஒரு பெண் குழந்தை பிறந்தபோது அவருக்குத் தகவல் சொன்னோம். அவர் தொலைபேசியில் இரண்டு வாக்கியத்தில் வாழ்த்தினார். பிறகு பிள்ளைக்குச் சட்டை தைத்து அனுப்பினார். கையால் தைத்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மண் துண்டுகளை இத்தனை அளவாக அறுப்பவருக்குத் துணியில் அளவு பிடிபடவில்லை என்று தேவி சிரித்தாள். ஆனாலும் பிள்ளைக்குப் போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

இனிச் சொல்லப்போவதுதான் அவரை முழுதாகக் காட்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு வருடம் பந்திங் போகும் சாலையில் ஒரு பாலத்துக்கு ஏறும் மேட்டுப் பகுதிக்குத் தூண் போட்டேன். அதுவரை நான் எடுத்ததிலேயே பெரிய வேலை. மாதிரிகள் போயின. மஞ்சள் கார் வந்தது. பாதிக்கும் மேல் தேறவில்லை. நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார். மண்ணில் இலைமக்கு இல்லை. சிமெண்டும் குறைவில்லை. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. "காரணம் தெரியலண்ணே. ஆனா நம்பர் இதுதான்" என்றார். அவர் சொன்னதால் நான் வாதாடவில்லை. சிமெண்டை நிறையக் கூட்டி மறுபடி போட்டேன், அப்போதுதான் தேறியது. இரண்டு லோரியில் ஒன்றை விற்றேன். வேலையைக் கொடுத்த பெரிய குத்தகைக்காரர், இவனுக்கு இனி வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த வட்டாரத்தில் பேச்சு வேகமாகப் பரவும். சில மாதங்கள் வேலையில்லாமல் இயந்திரம் புல்லுக்கு நடுவே துருப்பிடித்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் அந்த கார் வந்து நின்றது. கையில் வேலையே இல்லாதபோது எந்த மாதிரி தேறாமல் போக முடியும் என்று எனக்குப் புரியவில்லை. தேவி கதவைத் திறந்து, "வாங்கக்கா, உட்காருங்க, தே கலக்குறேன்" என்றாள்.

"சொல்லிட்டு குடிக்கிறேன்மா." உட்காரவில்லை. என்னைப் பார்த்தார். "அண்ணே, பந்திங் ரோட்டுல நீங்க மொதல்ல போட்ட தூணுங்க நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு எங்க மெஷினு மேல. என் மேல. சொல்லிட்டேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் திரும்பச் சொன்னார். பரிசோதனைக் கூடத்தை வேறு கடைவீட்டுக்கு மாற்றியபோது, நசுக்கும் இயந்திரத்தில் சுமையை அளக்கும் இரும்பு வளையம் எங்கேயோ இடிபட்டிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்ச நாளாக எல்லா இடத்து மாதிரிகளும் வலுக்குறைந்து உடைவதுபோல் இருக்கிறதே என்று அவருக்குச் சந்தேகம். வருடாந்தரச் சோதனைக்குக் காத்திருக்காமல் வளையத்தைக் கழற்றிக் கொண்டுபோய் வேறு இடத்தில் சரிபார்த்திருக்கிறார். முந்தின நாள்தான் தெரிந்திருக்கிறது.

"எடம் மாத்துன ஒடனே செக் பண்ணியிருக்கணும். வேல குவிஞ்சு கெடந்துச்சு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டது நான்தான். மெஷின கொறை சொல்லி தப்பிக்க முடியாது."

நான் எழுந்தேன். எனக்கு அப்போது வந்த கோபம் இப்போதும் உடம்பில் நினைவிருக்கிறது. விற்ற லோரி, போன வேலை, என்னை விட்டுப் போன ஆட்கள் எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறின.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"மொதலாளிக்கு நேத்தே சொன்னேன். வெளிய சொல்ல வேணாம், ரிங்க மாத்திட்டு பேசாம இருந்துக்கலாம்னாரு. அடுத்தது உங்களுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு அந்த பெரிய கண்ட்ராக்டர், அப்புறம் மத்த சைட்டு ஆளுங்க."

"மொதலாளி வேணாம்னு சொன்னா உங்க வேல?"

"போகும்னுதான் நெனைக்கிறேன்."

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கத்த வேண்டும்போல் இருந்தது. அவரும் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தினால் கேட்டுக்கொள்வதற்காகக் கிள்ளானிலிருந்து வந்து, என் வீட்டுக் கூடத்தின் நடுவில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கொஞ்சம் கத்தவும் செய்தேன். அவர் தலையைக் குனியவில்லை. "ஆமாண்ணே" என்றார். "ஞாயம்ண்ணே" என்றார். எனக்கு வார்த்தைகள் தீர்ந்தபோது தேவி அடுப்படியிலிருந்து வந்தாள். அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். எங்கள் மகள் தத்தித் தத்தி வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்க இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்று தேவி என்னிடம் கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்ப குடிங்கக்கா" என்று தேநீரைக் கொடுத்தாள்.

அவர் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டார். குடிக்க வெகுநேரம் ஆயிற்று.

சொன்னபடி மறுநாள் அந்தப் பெரிய குத்தகைக்காரரிடம் போயிருக்கிறார். பிறகு மற்ற இடங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போயிருக்கிறார். எங்கே என்ன கேட்டார்கள், எப்படிப் பேசினார்கள் என்று அவர் எனக்குச் சொன்னதில்லை. ஒரு வாரம் கழித்துப் பெரிய குத்தகைக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் மறுபடி போட்ட தூண்களுக்கான செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார். டெங்கில் பக்கம் புதிதாக வரும் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். செப்பாங் வட்டாரம் முழுக்கத் தோட்டங்களை அழித்துச் சாலையும் ஊருமாக மாற்றத் தொடங்கியிருந்த நேரம் அது. அந்த வேலைதான் என்னை நிமிர்த்திவிட்டது. பிறகு சொந்த வீடு வாங்கியது, மகளைப் படிக்க வைத்தது எல்லாம் அதிலிருந்து வந்தவை. அவர் பேசாமல் இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. இயந்திரத்தை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு யாருக்காவது லோரி ஓட்டப் போயிருப்பேன். நான் கெட்ட வேலைக்காரன் என்று நானே நம்பியும் இருப்பேன். அதுதான் பெரிய நஷ்டமாக இருந்திருக்கும்.

அவருக்கு வேலை போயிற்று. சில மாதங்கள் வீட்டில் இருந்தார். பிறகு செராஸில் வேறொரு பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். பொறுப்பாளராக அல்ல, அதற்கு ஒரு படி கீழே. எனக்குத் தெரிந்ததும் டெங்கில் வேலையின் மாதிரிகளைச் செராஸுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். மணியத்துக்கு விளங்கவில்லை.

"பாஸ், பக்கத்துலயே வேற லேப் இருக்கு லா. அந்தக்கா மெஷினாலதானே நம்ம லோரி போச்சு."

"அதனாலதான்" என்றேன். அவன் இன்னும் குழப்பத்தோடு பார்த்தான்.

முதல் தொகுதி மாதிரிகளைக் கொடுத்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். தோட்டம் அழித்த வெட்டவெளியில் தூசி பறக்க மஞ்சள் கார் வந்துகொண்டிருந்தது. மணியம் சிகரெட்டைக் கீழே போட்டான். நான் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாதையில் இறங்கி நடந்து, பாதி வழியில் அவரைப் பிடித்தேன். இறங்கி, ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். முன்நெற்றியில் நரை கூடியிருந்தது.

"பள்ளத்துக்கு ஓரமா இருக்கிற வரிசை தேறலண்ணே. மத்தது சரி. சொல்லிட்டேன்."

வழக்கம்போல் நின்றார். ஆனால் இந்த முறை அவர் முகத்தில் ஒரு தயக்கம் இருந்தது. நான் என்ன கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இருந்தது.

"மெஷின் சரியா இருக்கா மிஸ்?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி ரிங்க கழட்டி செக் பண்ணிட்டு, அப்புறம் இன்னொரு துண்ட ஒடைச்சு பார்த்துட்டுத்தான் கிளம்புனேன். சரியா இருக்கு."

"அப்ப மறுபடி போட்டுறேன்."

"வேற ஒண்ணும் கேட்கலயா?"

"கேட்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் மணியம் இருந்த பக்கம் திரும்பி, குடிக்க ஏதாவது இருக்கிறதா என்று அவராகவே கேட்டார். கொட்டகை நிழலில் மூன்று பேரும் பலகைமேல் உட்கார்ந்தோம். தேவி கட்டிக் கொடுத்திருந்த சோற்றைப் பிரித்து மூன்றாகப் பங்கிட்டோம். நெத்திலி சம்பலில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். வீட்டுக்குப் போனதும் தேவியிடம் நானே நேரில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மணியம் இயந்திரத்தைப் பள்ளத்து ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு போனான்.